ஆலோசகரிடம் பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள்

கொங்கு வட்டாரத்து நூற்பாலை, பின்னலாடை, ஜவுளி நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் மனிதவளத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

வெளிநாட்டு வாடிக்கையாளரின் தணிக்கைக் குழு வரும்போது காட்டுவதற்காகவோ, உண்மையான அக்கறையினாலோ, உங்களில் பலர் ஆலைக்கும் விடுதிக்கும் உளவியல் ஆலோசகர்களை அமர்த்தியிருக்கிறீர்கள். காரணம் எதுவானாலும் அமர்த்தியது நல்ல காரியம். திருப்பூரிலும் பல்லடத்திலும் அவினாசியிலும் பெருந்துறையிலும் விடுதிகளில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்குப் பேச ஓர் ஆள் கிடைத்தாலே பெரிது. சிக்கல் அதற்கு அடுத்த மாதம் தொடங்குகிறது. மாதக் கடைசியில் ஆலோசகர்களாகிய எங்கள் மேசைக்கு ஒரு படிவம் வருகிறது. வரிசை எண், பெயர், டோக்கன் எண், பிரிவு, பிரச்சினை என்ன, தீர்ந்ததா: ஆம் அல்லது இல்லை.

நிறுவனங்கள் மாறினாலும் படிவம் மாறுவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி நகல் எடுத்துக்கொள்கிறீர்கள் போலிருக்கிறது. அந்தப் படிவத்தை ஏன் நிரப்ப முடியாது என்று ஒவ்வொரு மேலாளரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இதில் வரும் ஆட்கள் யாரென்று தேட வேண்டாம். பலருடைய கதைகளைக் கலந்து, ஊரையும் பிரிவையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் அறையைப் பற்றி. எங்களுக்கு ஒதுக்கப்படும் இடம் பெரும்பாலும் டைம் ஆபீசுக்கும் மனிதவள அறைக்கும் நடுவில் இருக்கும். பாதி உயரத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. வெளியே யார் நடந்தாலும் உள்ளே தெரியும், உள்ளே யார் அழுதாலும் வெளியே தெரியும். அப்படியோர் அறைக்கு, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மிஷினில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் வந்தார். தாளவாடிப் பக்கம். பகல் ஷிப்ட் முடிந்து நேராக வந்ததால் புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியின் நுனியில், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். கழற்றிய தொப்பியை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

“அக்கா, இங்கே பேசுவது ஆபீசுக்குப் போகுமா?”

போகாது என்றேன். உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வேறொருவரிடம் பேசுவேன், அதையும் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் பேசுவேன் என்றும் சொன்னேன். வார்டன் அக்காவுக்குப் போகுமா? போகாது. சூப்பர்வைசர் அண்ணனுக்கு? போகாது. எங்கள் மாமாவுக்கு? அந்த மாமா, ஊரிலிருந்து ஆள் பிடித்து அனுப்பும் ஏஜெண்ட். அவருக்கும் போகாது என்றேன். பட்டியல் முடிந்ததும் எழுந்துகொண்டார். “சரிங்க அக்கா, அடுத்த வாரம் வருகிறேன்.”

உங்கள் படிவத்தின்படி பார்த்தால், பிரச்சினை: ஒன்றுமில்லை, தீர்ந்ததா: ஆம். என் கணக்கில் அந்த மாதத்தின் முக்கியமான சந்திப்பு அதுதான். உளவியல் ஆலோசனை என்பது அறிவுரை சொல்வது என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். அறிவுரைக்கு இங்கே பஞ்சம் கிடையாது. வார்டன் சொல்கிறார், பெரியம்மா சொல்கிறார், செல்போனில் முகம் தெரியாத ஆட்கள் சொல்கிறார்கள். ஒரு விஷயத்தைச் சொன்னால் அது தனக்கே எதிராகத் திரும்பிவிடாத இடம்தான் அவர்களிடம் இல்லை. 1957-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ், ஒருவரிடம் மாற்றம் நிகழத் தேவையானவை எவை என்று எழுதியபோது முன்வைத்தவற்றில் மூன்று, ஆலோசகரின் மனநிலையைப் பற்றியவை. அவர் வேஷம் போடாமல் இருக்க வேண்டும். எதிரே இருப்பவரை நிபந்தனை இல்லாமல் ஏற்க வேண்டும். அவர் பார்வையில் உலகம் எப்படித் தெரிகிறது என்று உணர முயல வேண்டும். டோக்கன் எண்ணைக் குறித்துக்கொண்டே இந்த மூன்றில் எதைச் செய்வது?

அந்தப் பெண் அடுத்த வாரம் வந்தார். இரவு ஷிப்டில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு அடைக்கிறது, செத்துவிடுவோம் என்று தோன்றுகிறது. ஏற்கனவே ஒருமுறை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இ.சி.ஜி. எடுத்திருந்தார்கள். “ஒன்றுமில்லை” என்று சொல்லி ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடுதியில் காத்துக் கருப்பு என்றார்கள். ஊருக்குப் போனபோது மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். அந்தத் தாயத்தை அவிழ்க்கச் சொல்வது என் வேலை இல்லை. அவருக்குத் துணிச்சல் தரும் எதையும் நான் ஏன் பிடுங்க வேண்டும்?

நாங்கள் இதைப் பீதித் தாக்கு என்கிறோம். புலியைக் கண்டால் ஓடுவதற்காக உடம்பில் வைத்திருக்கும் அபாய மணி, புலி இல்லாதபோதும் அடிக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் தானாகத் தணிந்துவிடும். தாக்கு வந்த இடத்துக்குப் போகப் பயந்து ஒதுங்க ஒதுங்கத்தான் அது வேர்விடுகிறது. இதைப் புரியவைப்பது முதல் வேலை. அடுத்தது, பயந்த இடத்துக்குப் படிப்படியாகத் திரும்புவது. முதல் நாள் துறையின் கதவுக்கு வெளியே நிற்பது. பிறகு கதவுக்கு உள்ளே. பிறகு மிஷின் சந்தில் தோழியுடன். பிறகு தனியாக. எந்தப் படியை எப்போது ஏறுவது என்பதை அவரே முடிவு செய்வார். நான் அவசரப்படுத்தினால் எல்லாம் பாழாகும். இதற்கு உங்களிடமிருந்து தேவைப்பட்டது ஒன்றே ஒன்று: சில வாரங்களுக்கு, காரணம் கேட்காமல் இடையில் பத்து நிமிடம் வெளியே நிற்க அனுமதி. ஒரு நிர்வாகம் உடனே கொடுத்தது. இன்னொரு நிர்வாகம் இதே போன்ற வேறொரு பெண்ணுக்கு, காரணத்தை எழுத்தில் கொடுத்தால் பரிசீலிப்பதாகச் சொன்னது. அந்தப் பெண் எழுதவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

அடுத்தது, யாருடைய நோக்கத்துக்காக வேலை செய்கிறோம் என்ற கேள்வி. எங்களிடம் ஒருவரை அனுப்பும்போது மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்கிறீர்கள். உற்பத்திப் பிரிவுக்கு அவர் திங்கட்கிழமை லைனில் இருக்க வேண்டும். பெற்றோருக்கு அவர் தாய்மாமன் மகனைக் கட்டிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும், அல்லது யாரோ ஒரு பையனை மறக்க வேண்டும். வார்டனுக்கு அவர் இரவில் அழுது மற்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். அவரிடமே கேட்டால், “ஒரு நாள் முழுதாகத் தூங்கினால் போதும்” என்பார். நாங்கள் தூக்கத்திலிருந்துதான் தொடங்குவோம். எட்வர்ட் போர்டின் என்ற உளவியலாளர் 1979-இல் இதைத் தெளிவாகச் சொன்னார்: ஆலோசகருக்கும் வருபவருக்கும் நடுவே பிணைப்பு வேண்டும், எதை நோக்கிப் போகிறோம் என்பதில் உடன்பாடு வேண்டும், அதற்கு என்ன செய்வது என்பதிலும் உடன்பாடு வேண்டும். எந்தச் சிகிச்சை முறையைக் கையாண்டாலும் இந்த உறவு நன்றாக இருக்கும் இடத்தில்தான் பலனும் கூடுதலாக இருக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வாரம் ஒரு ஷிப்ட் மாறும் இடத்தில் தூக்கம் எப்படி வரும் என்பது வேறு விஷயம். அதை ஆலோசகரால் தீர்க்க முடியாது, ஷிப்ட் போடுபவரால் முடியும்.

பெண்களைப் பற்றி மட்டும் சொன்னால் கதை பாதிதான். குடிக்கும் சூப்பர்வைசர்களை எங்களிடம் அனுப்புகிறீர்கள். நல்ல வேலைக்காரர், இருபது வருட அனுபவம், திங்கட்கிழமை மட்டும் வரமாட்டார். ஒரு தாளில் “இனிமேல் குடிக்க மாட்டேன்” என்று கையெழுத்து வாங்கி, அந்தத் தாளோடு அனுப்பி வைக்கிறீர்கள். அப்படி வந்த ஒருவர் உட்கார்ந்ததுமே, “மேடம், ஏற்கனவே கோயிலில் கயிறு கட்டி அவிழ்த்தாயிற்று, நீங்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுங்கள்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. குடியில் அவருக்குப் பிடித்தது என்ன என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஒன்றரை ஷிப்ட் முடிந்த பிறகு உடம்பு வலி தெரியாது என்றார். துணி தைக்கும் பவர் டேபிள் பிரிவில் காலையிலிருந்து நூறு பேரைத் திட்டியதும் மேலே உள்ளவர்களிடம் திட்டு வாங்கியதும் மறந்துவிடும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலேயே, சின்ன மகள் இப்போதெல்லாம் பக்கத்தில் வருவதில்லை, வாசனை பிடிக்கவில்லை என்கிறாள் என்றார். அந்த இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது. அவர் மனதுக்குள்ளேயே இரண்டு பக்கமும் பேசுகின்றன. நான் விடு என்று வாதாடினால், விட முடியாது என்ற பக்கத்தை அவர் எடுத்துக்கொள்வார். நான் கேட்டுக்கொண்டிருந்தால் விட வேண்டும் என்ற பக்கமும் வாயைத் திறக்கும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் மதுப் பழக்கம் உள்ளவர்களோடு பேசும் முறையாக இதை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து வளர்த்தார். ஏறத்தாழ அதே காலத்தில் புரோசாஸ்கா, டிகிளமென்டே என்ற உளவியலாளர்கள் இருவரும் புகைப்பழக்கத்தை விட்டவர்களை ஆராய்ந்து, மனிதர்கள் மாறுவது ஒரே நாளில் நடப்பதில்லை என்று காட்டினார்கள். மாற்றத்தைப் பற்றி நினைக்காத நிலை, நினைத்துத் தயங்கும் நிலை, தயாராகும் நிலை, செய்யும் நிலை, செய்ததைக் காக்கும் நிலை என்று போகும். நடுவில் வழுக்கி விழுவதும் உண்டு. விழுந்தவர் பெரும்பாலும் தரைமட்டத்துக்குப் போய்விடுவதில்லை, முன்பு கற்றுக்கொண்டது கையில் இருக்கும். உங்கள் படிவத்தில் இரண்டு கட்டம்தானே இருக்கிறது. தயங்கிக்கொண்டிருப்பவரை எந்தக் கட்டத்தில் போடுவது?

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும், இது உயிர் விஷயம். பல வருடங்களாகத் தினமும் நிறையக் குடிப்பவரை மிரட்டி ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கிப் போகலாம், உயிரும் போகலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். கோவையிலும் திருப்பூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு விடுப்பும் போய்வர ஒரு வண்டியும் கொடுங்கள். ஆலோசகரும் மருத்துவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய ஆள் அவர்.

இனிக் கசப்பான பகுதி. ஒரு பெண்ணிடம் யாரோ தகாத முறையில் நடந்துகொண்டார்கள் என்று தெரியவந்ததும், “அந்தப் பெண்ணிடம் பேசி முடித்துவிடுங்கள்” என்று எங்களுக்குப் போன் வருகிறது. நம் ஊர்களில் பேசி முடிப்பது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பஞ்சாயத்துக்கு வரவில்லை. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். விசாரணை அந்தக் குழுவின் வேலை. சமரசம் என்பதும் அந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவுப்படி, பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டால் மட்டும்தான். பணம் அதற்கு அடிப்படையாக இருக்கவே கூடாது.

ஆலோசகராக நான் செய்வது வேறு. என்ன நடந்தது என்று முழுக்கச் சொல்லச் சொல்லி முதல் நாளே நான் கேட்பதில்லை. அதிர்ச்சிக்குள்ளானவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டச் சொல்வது உதவாது, சிலருக்குக் கேடாகவும் முடியும். உலக சுகாதார நிறுவனம் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே வழிகாட்டுகிறது. அதிர்ச்சியிலிருந்து மீள்வதை ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992-இல் மூன்று கட்டங்களாக வகுத்தார். முதலில் பாதுகாப்பு. அது அமைந்த பிறகுதான் நினைவுகூர்வதும் துக்கப்படுவதும். கடைசியில் வாழ்க்கையோடு மறுபடி பிணைவது. முதல் கட்டத்தை என் அறைக்குள் நான் எவ்வளவு அழகாகக் கட்டினாலும், அந்த ஆள் அதே லைனில், அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று பீஸ் எண்ணிக்கொண்டிருந்தால் அது நிற்காது. அந்த ஆளை இடம் மாற்றுங்கள். பெண்ணை மாற்றிவிட்டு “பாதுகாப்புக்காக மாற்றினோம்” என்று எழுதுகிறீர்களே, அது வேண்டாம்.

சட்டம் என்றதும் ஒரு மேலாளர் என்னிடம் வாதிட்டது நினைவுக்கு வருகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 23, மனநோய் உள்ளவரின் தகவல்களை இரகசியமாகக் காப்பதை அவருடைய உரிமையாக்கியிருக்கிறது என்று சொன்னேன். “எங்கள் பெண்களுக்கு நோய் எதுவும் இல்லையே, அப்படியென்றால் இது பொருந்தாதே” என்றார். நோய் வந்தால்தான் மரியாதை கிடைக்கும் என்றால், அடுத்த வாரமே எல்லோரும் நோயாளியாகிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். சட்டம் சொல்கிறதோ இல்லையோ, இரகசியம் காப்பது எங்கள் தொழில் நெறி. அதற்கு எல்லை உண்டு, அந்த எல்லையை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறோம். உயிராபத்து ஒன்று. பதினெட்டு வயது நிரம்பாதவர் மீது பாலியல் குற்றம் நடந்திருந்தால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அது இன்னொன்று. பதினெட்டு நிரம்பாதவர் உங்கள் விடுதியில் எப்படி வந்தார் என்ற கேள்வி அதற்கும் முன்னால் வரும்.

வடமாநிலத் தொழிலாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணிடம் நான் பேச, அவரைக் கூட்டிவந்த ஏஜெண்டையே மொழிபெயர்க்க உட்கார வைக்கிறீர்கள். அவர் முன்னால் அந்தப் பெண் என்ன பேசுவார்? ஒடியா தெரிந்த ஆலோசகர் கிடைக்கும்வரை 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவித் தொலைபேசி எண்ணை விடுதிச் சுவரில் ஒடியாவிலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, கட்டணம் இல்லை, இரவும் பகலும் எடுக்கிறார்கள், பல இந்திய மொழிகளில் பேசலாம். ஒட்டிவிட்டு, வேலை முடியும்வரை வாட்ச்மேன் அறையில் வாங்கி வைத்திருக்கும் செல்போன்களைத் திருப்பிக் கொடுங்கள். எண் மட்டும் இருந்து என்ன பயன்?

அப்படியானால் சம்பளம் கொடுக்கும் நாங்கள் எதைத்தான் கேட்கலாம் என்பீர்கள். நியாயமான கேள்வி. மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சந்திப்புகள் நடந்தன, எத்தனை பேரை மருத்துவருக்கு அனுப்பினோம் என்று கேளுங்கள், பெயரும் பிரிவும் இல்லாமல் தருகிறோம். பலரும் ஒரே விஷயத்தைச் சொன்னால், உதாரணமாக ஒரு விடுதியில் தண்ணீர், ஒரு ஷிப்டில் திட்டு, ஒரு பாதையில் விளக்கு இல்லாதது, அதைப் பொதுவாக எழுதித் தருகிறோம். எங்கள் தகுதிச் சான்றிதழைக் கேளுங்கள். எங்கள் வேலையை மூத்தவர் ஒருவரிடம் காட்டி ஆலோசனை பெறுகிறோமா என்றும் கேளுங்கள்; கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது, இதுவரை எவரும் கேட்டதில்லை. கண்ணாடிக்குப் பதில் சுவர் வைத்த ஓர் அறை கொடுங்கள், விடுதிப் பக்கமாக இருந்தால் நல்லது.

எவ்வளவு நாள் ஆகும் என்று மட்டும் கேட்காதீர்கள். இழை அறுந்தால் ஓடும் மிஷினிலேயே ஒட்டிவிடுவது போல ஆளையும் ஒட்டித் தரச் சொல்கிறீர்கள். சிலருக்கு மூன்று நான்கு சந்திப்புகளே போதும். சிலருக்குப் பேசத் தொடங்கியதும் முதலில் அழுகை கூடும், வேலை குறையும், இரண்டு மாதம் கழித்துத்தான் முகம் தெளியும். அந்த இரண்டு மாதத்தில் “கவுன்சிலிங் போனபிறகுதான் மோசமாகிவிட்டாள்” என்று நிறுத்திவிடுகிறீர்கள்.

கடைசியாக, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தேறியவர்கள் எல்லோரும் உங்களிடமே இருப்பார்கள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. செக்கிங் பிரிவில் இருந்த தாராபுரத்துப் பெண் ஒருவர் பல மாதங்கள் என்னிடம் வந்தார். தம்பி படிப்புக்கு, அக்கா நகைக்கு, அப்பா கடனுக்கு என்று தன் சம்பளம் போகும் வழியை முதன்முறையாகத் தாளில் எழுதிப் பார்த்தார். தனக்கென்று என்ன வேண்டும் என்ற கேள்விக்கு வெகுநாள் பதில் இல்லை. பிறகு ஒருநாள், விட்டுப்போன செவிலியர் படிப்பை முடிக்க வேண்டும் என்றார். வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாரம் என் முன்னால் சொல்லிப் பார்த்துப் பழகினார். வேலையை விட்டார். மேலாளர் என்னை அழைத்து, “ஆளை அனுப்பி வைப்பதற்கா உங்களுக்குச் சம்பளம்?” என்று கேட்டார்.

அந்தப் பெண் ஒரு மாதம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார், புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக் கொடுத்தார், கணக்கு முடித்து, வார்டனிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினார். சொல்லாமல் ஊருக்குப் போய்ப் போனை அணைத்துவிடுகிறவர்களைப் பற்றி அதே மேலாளர் என்னிடம் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறார். ஆமாம், அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் என்றேன்.

இதைப் பற்றி உங்கள் மேலாளர்களிடம் நேரில் பேச வேண்டுமானால் அழைப்பு அனுப்புங்கள், வருகிறேன். ஷிப்ட் மாறும் நேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தொழிலாளர்களால் என்னிடம் வர முடிகிற நேரம் அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உளவியல் ஆலோசகர் ஒருவர்,
திருப்பூர்.